இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் நின்ற கார்

அமெரிக்காவில் விற்ற ஹோண்டா எஸ்2000 காரின் பானெட்டைத் தூக்கினால், உட்பக்கத்தில் சிறிய ஸ்டிக்கர் ஒன்று தெரியும். அந்தக் காரின் 17 இலக்க அடையாள எண் அதில் அச்சாகியிருக்கும். இதே எண் தாங்கிய ஸ்டிக்கர்கள் கதவுகளிலும், முன் மட்கார்டுகளிலும், டிக்கி மூடியிலும், பம்பர்களிலும் உண்டு. திருட்டுக் கார்களைப் பிரித்து உதிரிப்பாகங்களாக விற்பதைத் தடுக்க அமெரிக்க அரசு கொண்டுவந்த விதியால் வந்தவை இவை. விபத்தில் ஒரு கதவை மாற்றியிருந்தால், புதிய கதவில் அந்த எண் இருக்காது. மாற்றுப் பாகம் என்பதைக் குறிக்கும் 'ஆர்' எழுத்துள்ள ஸ்டிக்கர் இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. பெயிண்ட் அடிப்பவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் தொலைந்த ஸ்டிக்கரைத் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

மிச்சிகன் மாநிலத்தில் இருந்துகொண்டு, அரிசோனாவில் நின்ற காரை நேரில் பாராமலே இணைய ஏலத்தில் வாங்க எனக்குத் துணிவு தந்தவை இந்த ஸ்டிக்கர்கள்தான். நண்பர்கள் பலர் இதைச் சூதாட்டம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இருபது ஆண்டு ஓடிய கார் தன் வரலாற்றைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. கேட்டதைக் காட்டும் விற்பனையாளர் கிடைத்தால், தூரத்தில் இருந்தே அந்த வரலாற்றைப் படித்துவிடலாம். காட்டாதவர் என்றால், கார் பக்கத்துத் தெருவில் நின்றாலும் வாங்கக் கூடாது.

கோவையில் பொறியியல் படித்த காலத்தில் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் பந்தயம் பார்க்கப் போவோம். என் கார் ஆசை அங்கே தொடங்கியது. எஸ்2000 மீது மனம் ஒட்டிக்கொண்டது அதன் எஞ்சினுக்காக. 1,997 சிசி, நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது. ஆனாலும் 240 குதிரைத்திறன். நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை ஏறும். ஆறு கியரும் கையால் போட வேண்டியவை. ஆட்டோமேட்டிக் வகை தயாரிக்கப்படவே இல்லை. 1999 முதல் 2009 வரை மட்டும் வந்த வண்டி இது. அமெரிக்காவில் 2004 மாடலில் இருந்து எஞ்சின் 2.2 லிட்டராகப் பெரிதாகி, உச்சச் சுற்று 8,000 ஆகக் குறைந்தது. 2000, 2001 மாடல்களில், மடக்கித் திறக்கும் துணிக்கூரையின் பின் கண்ணாடி வெறும் பிளாஸ்டிக். ஆகவே 9,000 சுற்றும் உண்மையான கண்ணாடியும் ஒன்றாகக் கிடைக்கும் 2002, 2003 மாடல்களில் ஒன்றைத் தேடினேன்.

நான் இருக்கும் டெட்ராய்ட் பக்கத்திலேயே வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். இங்கே குளிர்காலம் முழுக்கப் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். மேலே பளபளக்கும் காருக்கு அடியில் பிரேக் குழாய்கள் துருவேறி உதிர்ந்துகொண்டிருக்கும். எஸ்2000இல் சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் போல்ட்டுகள் புஷ்ஷுக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிக்கொள்வது எல்லோரும் அறிந்த தொல்லை. இறுகிவிட்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அரிசோனாவின் பாலைவனப் பக்கத்தில் உப்பு இல்லை. அங்கே எதிரி வெயில்: தோல் இருக்கை வெடிக்கும், ரப்பர் காயும், கூரைத் துணி நைந்துபோகும். இவற்றையெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். துருவேறிய அடிச்சட்டத்தை எளிதில் மாற்ற முடியாது.

அரிசோனாக் காரைக் கண்டுபிடிக்கும் முன், கிழக்குக் கரையோர மாநிலம் ஒன்றில் சிவப்பு நிற எஸ்2000 ஒன்று ஏலத்துக்கு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். பல படங்களில் கார் நனைந்திருந்தது. நனைந்த கார் அழகாகத் தெரியும், ஆனால் பெயிண்டின் குறைகளும் பட்டி பார்த்த இடங்களும் தண்ணீருக்கு அடியில் மறைந்துவிடும். அத்தனை படங்களில் காரின் அடிப்பகுதி ஒன்றிலும் இல்லை. டிக்கியின் விரிப்பைத் தூக்கி, அடித்தகட்டைப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்டேன். பின்னால் இடிபட்ட கார் என்றால் அந்தத் தகட்டில்தான் சுருக்கம் விழும். "கார் மிக அருமையான நிலையில் உள்ளது, எப்போது வேண்டுமானாலும் நேரில் வந்து பார்க்கலாம்" என்று பதில் வந்தது. ஸ்டிக்கர்களைக் கேட்டேன், அதற்கும் அதே பதில். ஐந்து நிமிடத்தில் எடுக்கக்கூடிய படத்தைத் தர மறுப்பதே எனக்குப் போதுமான தகவல். நான் ஏலம் கேட்கவில்லை. அந்தக் கார் நல்ல விலைக்கு விற்றது. வாங்கியவருக்கு எல்லாம் நலமாக அமைந்திருக்கட்டும்.

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகருக்கு அருகே இருந்த வெள்ளி நிறக் காரின் படங்கள் சுமாரானவை, வீட்டு முற்றத்தில் எடுத்தவை. விற்றவர் ஓய்வுபெற்ற விமான மெக்கானிக். நான் கேட்ட பட்டியல் நீளமானது. அடுத்த நாளே காரை நண்பர் ஒருவரின் பட்டறையில் தூக்கி நிறுத்தி, அடிப்பகுதியை முன்னிருந்து பின்வரை படம் எடுத்து ஏலப் பக்கத்திலேயே ஏற்றிவிட்டார். முன் பம்பரின் ஸ்டிக்கர் மட்டும் இல்லை. "நிறுத்துமிடத்தில் ஒரு கம்பத்தில் உரசினேன், பம்பரை மாற்றினேன், பில் இருக்கிறது" என்று நான் கேட்பதற்கு முன்பே எழுதினார். அந்த ஒரு வரி எனக்கு மற்ற ஸ்டிக்கர்கள் அனைத்தையும் விடப் பெரிதாகத் தெரிந்தது.

அவரிடம் என்னென்ன கேட்டேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எந்தக் காருக்கும் இதைக் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதலாவது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பும் வீடியோ. இரவெல்லாம் நின்ற காரைக் காலையில் கிளப்ப வேண்டும். சாவி போடுவதற்கு முன்பே கேமரா ஓட வேண்டும். எஸ்2000இன் டிஜிட்டல் டாஷ்போர்டில் எஞ்சின் வெப்பம் கோடுகளாகத் தெரியும். கோடு ஏறியிருந்தால் ஏற்கெனவே சூடேற்றிவிட்டு எடுத்த வீடியோ என்று பொருள். சிவப்பு ஸ்டார்ட் பொத்தானை அழுத்திய முதல் சில விநாடிகளில் எஞ்சினின் முன்பக்கம் இருந்து கடகடவென ஒலி வந்தால், டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கிறது. இந்தக் காரில் அந்த ஒலி இருந்தது. அவரும் மறைக்கவில்லை. மாற்றக்கூடிய பாகம்தான், அதன் செலவை என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டாவது, ஓட்டும் வீடியோ. முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது கரகரப்பு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 9,000 சுற்று எஞ்சினில் ஐந்தாம் கியருக்குப் பதிலாக மூன்றைப் போட்டுவிட்டால் சுற்று எல்லை மீறி எகிறும். அப்போது வால்வு ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ரிடெய்னர்கள் வெடிப்பு விடக்கூடும். இது வீடியோவில் தெரியாது. அதற்குத்தான் மெக்கானிக் வேண்டும், கீழே சொல்கிறேன்.

மூன்றாவது, டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்புக் குறியீடு. 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். தேயாத டயராக இருந்தாலும் பத்தாண்டு பழையது என்றால் மாற்றியே ஆக வேண்டும். நான்கு டயரும் ஒரே தயாரிப்பா என்பதையும் பார்க்க வேண்டும். நல்ல காரை நேசிப்பவர்கள் டயரில் சிக்கனம் பிடிப்பதில்லை. நான்கும் நான்கு விதமாக இருந்தால் எண்ணெய் மாற்றுவதிலும் அதே மனப்பான்மைதான் இருந்திருக்கும்.

நான்காவதுதான் மிக முக்கியம்: காகிதங்கள். ஓடிய மைல் கணக்கை விற்பவர் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. ஆனால் 2010 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்கு இந்தக் கட்டாயம் பத்தாண்டுகளோடு முடிந்துவிட்டது. எனவே 2002 காரின் உரிமைப் பத்திரத்தில் மைல் கட்டத்தில் 'விலக்கு' என்று மட்டும் இருப்பதில் சட்டப்படி தவறில்லை. மீட்டர் காட்டும் எண்ணை நம்ப வேண்டுமானால் பழைய சர்வீஸ் பில்களை வரிசையாக அடுக்க வேண்டும். ஒவ்வொரு பில்லிலும் தேதியும் மைலும் இருக்கும். இரண்டும் சேர்ந்து ஏற வேண்டும். அந்த முதியவர் ஒரு தடித்த கோப்பு முழுவதையும் ஸ்கேன் செய்து அனுப்பினார். எரிபொருள் போடும் போதெல்லாம் எண்ணெய் அளவைப் பார்த்துக் குறித்த சிறு நோட்டும் அதில் இருந்தது. இந்த எஞ்சின் எண்ணெய் குடிக்கக்கூடியது. அளவு குறைந்த நிலையில் வேகமாக ஓட்டினால் கெட்டுவிடும். அந்த நோட்டைப் பார்த்த இரவில்தான் இந்தக் காரை வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

கார் வரலாற்று அறிக்கைகளையும் காசு கொடுத்து எடுத்தேன். அவற்றின் எல்லை தெரிந்து படிக்க வேண்டும். இன்சூரன்ஸ் வழியாகவோ போலீஸ் வழியாகவோ பதிவான விபத்துகள்தான் பெரும்பாலும் அவற்றில் வரும். கைக்காசு கொடுத்து டிங்கரிங் பார்த்தது பொதுவாக வராது. பெருஞ்சேதம் அடைந்தது என்பதைக் குறிக்கும் 'சால்வேஜ்' முத்திரை விழுந்த கார், மாநிலம் விட்டு மாநிலம் பதிவு மாறும்போது முத்திரையைத் தொலைத்துவிட்டு வருவதும் உண்டு. அதனால் அடையாள எண்ணை அப்படியே இணையத்தில் தேடிப் பாருங்கள். விபத்துக் கார்களை ஏலம் விடும் தளங்களில் நொறுங்கிய நிலையில் எடுத்த படங்கள் பல ஆண்டுகள் கழித்தும் கிடைக்கும்.

ஏலம் பெரும்பாலும் ஒரு வாரம் ஓடும். அந்த வாரத்துக்குள் உள்ளூர் மெக்கானிக் ஒருவர் காரைப் பார்த்தாக வேண்டும். ஊரில் பழைய கார் வாங்கப் போனால் நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூட்டிப்போகாமல் யாரும் முன்பணம் கொடுக்க மாட்டார்கள். இங்கேயும் அதையே செய்ய வேண்டும். விற்பவர் பரிந்துரைக்கும் பட்டறை வேண்டாம். அந்த ஊரில் அதே ரகக் கார் வைத்திருப்பவர்களைக் கண்டுபிடித்து, அவர்கள் தங்கள் காரை யாரிடம் விடுகிறார்கள் என்று கேளுங்கள். நான் அப்படித்தான் ஒருவரைப் பிடித்தேன். கட்டணம் சில நூறு டாலர். கார் கிடைக்காமல் போனால் அந்தப் பணம் போனதுதான். ஆனாலும் அதைவிடப் பயனுள்ள செலவு இந்த விஷயத்தில் வேறு இல்லை.

மெக்கானிக்கிடம் "பார்த்துச் சொல்லுங்கள்" என்று பொதுவாக விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் சோதனையும், சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எங்கே கசிகிறது என்று பார்க்கும் சோதனையும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். நான்கு சிலிண்டர்களின் அளவுகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதுதான் எனக்கு வேண்டியது. வால்வு மூடியைக் கழற்றி ரிடெய்னர்களையும் பார்க்கச் சொன்னேன். பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவி பற்றியும் ஒரு சொல். எஸ்2000இன் பானெட் அலுமினியம். காந்தத்தால் வேலை செய்யும் மலிவுக் கருவி அதில் எதையும் காட்டாது. அலுமினியத்திலும் அளக்கும் கருவி அவரிடம் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பொதுவாகத் தொழிற்சாலைப் பெயிண்ட் 100 முதல் 180 மைக்ரான் வரை இருக்கும். ஓரிடத்தில் மட்டும் எண் பல மடங்கு எகிறினால் அடியில் பட்டி இருக்கிறது. மட்கார்டு போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால், அது எப்போதோ கழற்றப்பட்டது என்று அறியலாம்.

பணக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். 20,000 டாலருக்கு ஏலம் எடுத்தால் தளத்தின் கட்டணம் 5 சதவீதம், அதாவது 1,000. மிச்சிகனில் பதிவு செய்யும்போது 6 சதவீத வரி, 1,200. லாரிக்கு 1,500 என்று வையுங்கள். வந்ததும் டயர், எண்ணெய்கள், டென்ஷனர் என்று 2,000. மொத்தம் 25,700. கையில் 25,700 இருப்பவர் 20,000 வரைதான் ஏலம் கேட்கலாம். என் மனைவி இந்தக் கணக்கைத் தாளில் எழுதி மேசை விளக்கில் ஒட்டி, "கடைசி நிமிடத்தில் இதைத் தாண்டி ஒரு டாலர்கூடக் கேட்கக் கூடாது" என்றாள். அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. முடியும் நேரத்தில் யாராவது விலையை ஏற்றினால், பெரும்பாலான தளங்களில் கடிகாரம் மேலும் ஓரிரு நிமிடம் நீளும். நீளும் ஒவ்வொரு முறையும் "இன்னும் 250தானே" என்று தோன்றும். நாங்கள் எழுதிவைத்த எல்லைக்குச் சற்றுக் கீழேயே ஏலம் எனக்கு முடிந்தது.

ஏலத் தளம் விற்பனையாளர் அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. அது இருவரைச் சேர்த்து வைக்கிறது. கட்டணத்தை உங்கள் கிரெடிட் கார்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. காருக்கான பணம் நேரே விற்பவருக்குப் போகிறது. எந்த உத்தரவாதமும் கிடையாது. எனவே பணம் அனுப்பும் முன் வீடியோவில் அழைத்துப் பேசினேன். உரிமைப் பத்திரத்தின் முன்பின் பக்கங்களைக் கேமரா முன் காட்டச் சொன்னேன். அதிலுள்ள பெயரும் அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கடன் பாக்கி இருந்தால் பத்திரம் பெரும்பாலும் கடன் கொடுத்தவரிடம் இருக்கும். அதை நேரே அடைத்து விடுவிக்கும் ஏற்பாடு தேவை. ஒஹையோ போன்ற சில மாநிலங்களில் விற்பவர் நோட்டரி முன்னிலையில்தான் கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் ஊரில் பதிவு நடக்காது. வங்கி விவரம் மின்னஞ்சலில் மட்டும் வந்திருந்தால், ஏற்கெனவே பேசிய தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு ஒவ்வோர் இலக்கமாகச் சரிபாருங்கள். நடுவில் புகுந்து கணக்கு எண்ணை மாற்றி அனுப்பும் மோசடிக்காரர்கள் இதற்கென்றே காத்திருக்கிறார்கள்.

பணம் போன நொடியில் இருந்து கார் உங்களுடையது. ஆகவே இன்சூரன்ஸ் அன்றே தொடங்க வேண்டும், கார் வந்து சேரும் நாளில் அல்ல. இப்படிப்பட்ட கார்களுக்கு, இழப்பு நேர்ந்தால் முன்பே ஒப்புக்கொண்ட தொகையைத் தரும் பாலிசி நல்லது. சாதாரணப் பாலிசியில் இருபது ஆண்டுப் பழைய கார் என்று விலையைக் குறைத்துவிடுவார்கள்.

லாரி விஷயத்தில் நீங்கள் பேசுவது பெரும்பாலும் தரகரிடம்தான். மிகக் குறைந்த விலை சொல்லும் தரகரிடம் போனால், அந்த விலைக்கு எந்த லாரிக்காரரும் வராமல் கார் வாரக்கணக்கில் நிற்கும். உண்மையில் ஏற்றப்போகும் நிறுவனத்தின் பெயரையும் போக்குவரத்துத் துறைப் பதிவு எண்ணையும் கேட்டு, அந்தப் பதிவும் இன்சூரன்ஸும் செல்லுபடியாகிறதா என்று அரசுத் தளத்தில் பார்த்துவிடுங்கள். ஏற்றும்போது ஓட்டுநர் காரின் நிலையைக் குறித்து ஒரு ரசீதில் கையெழுத்து வாங்குவார். இறக்கும்போது அதே தாளில் உங்கள் கையெழுத்து. என் கார் இரவில் வந்தது. ஓட்டுநர் அவசரப்பட்டார். நான் டார்ச் வெளிச்சத்தில் காரைச் சுற்றிவந்து, ஃபீனிக்ஸில் ஏற்றியபோது எடுத்த படங்களோடு ஒவ்வொரு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திட்டேன். முன் பம்பரின் கீழ்விளிம்பில் புதிதாக ஒரு கீறல் இருந்தது. தாழ்ந்த கார்களைச் சரிவில் இறக்கும்போது இப்படி நேரும். அதைத் தாளில் எழுதிவிட்டுக் கையெழுத்திட்டதால் இழப்பீடு கிடைத்தது. எழுதாமல் கையெழுத்துப் போட்டிருந்தால், பிறகு அதை நிரூபிப்பது பெரும்பாடாகியிருக்கும்.

மிச்சிகனில் பதிவுக்குப் பாதுகாப்புச் சோதனை எதுவும் கிடையாது. காகிதமும் வரியும் இருந்தால் எண் பலகை தந்துவிடுவார்கள். காரை எவரும் சோதிக்காததால் நாமே சோதித்துக்கொள்ள வேண்டும். முதல் வாரத்தில் எஞ்சின், கியர், டிஃபரென்ஷியல் எண்ணெய்கள், பிரேக் திரவம் எல்லாவற்றையும் மாற்றினோம். முன்னவர் மாற்றியிருந்தாலும் பரவாயில்லை. நமக்கென்று ஒரு தொடக்கத் தேதி கிடைக்கிறது. டென்ஷனரை மாற்றியதும் காலை ஒலி போய்விட்டது. சக்கரக் கோணம் சரிசெய்தபோது அந்தப் போல்ட்டுகள் கையளவு விசைக்கே சுழன்றன. உப்பில்லாத ஊரில் தேடியதற்கு அது ஒன்றே போதுமான பலன்.

மீதமிருப்பது துணிக்கூரை. பின்பக்க வளைவருகே ஒரு கிழிசல் இருப்பதை விற்றவர் படத்திலேயே காட்டியிருந்தார். புதிய கூரையை வாங்கிவைத்துவிட்டேன், பனி முடிந்ததும் மாட்ட வேண்டும். அதற்கு முன் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள வடிகால் துளைகளைச் சுத்தம் செய்தாக வேண்டும். மழை அதிகம் இல்லாத ஊரில் தூசி படிந்து அவை அடைத்திருக்கும். அப்படியே விட்டால் மிச்சிகனின் முதல் மழையிலேயே தண்ணீர் இருக்கைக்குப் பின்னால் தேங்கிவிடும்.